ரெபேக்கா: விபத்தென்றால் படகை ஏன் மூழ்கடித்தான்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹிட்ச்காக்கின் ‘ரெபேக்கா’வை (1940) மறுபடி பார்த்தேன். கால் இடறி விழுந்து செத்த முதல் மனைவி ரெபேக்காவை, கணவன் மாக்ஸிம் எதற்குப் படகில் ஏற்றிக் கடலில் மூழ்கடிக்க வேண்டும்? கடைசியில் மாளிகை எரிவதும் ஒட்டுப்போட்டதுபோல இருக்கிறது. நாவலிலும் இப்படித்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒட்டுதான். டாப்னே டு மோரியரின் நாவலில் (1938) மாக்ஸிம் ரெபேக்காவைச் சுட்டுக் கொல்கிறான். மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் தப்பிப்பதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி ஒப்பாது. குண்டை எடுத்துவிட்டு, தரையில் கிடந்த கனமான கப்பல் தளவாடத்தில் தலை மோதியதாக மாற்றினார்கள். பின்னால் வருவதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டார்கள்: படகின் அடிப்பலகையில் உள்ளிருந்து போட்ட ஓட்டைகள், திறந்துவிட்ட கடல்நீர் வால்வுகள், கரை ஒதுங்கிய வேறொருத்தியின் உடலை மனைவி என்று அடையாளம் சொன்னது. இதெல்லாம் கொலைகாரன் செய்கிற வேலை. ‘யாரும் நம்பமாட்டார்கள்’ என்ற பயம் மட்டும் இவ்வளவையும் தாங்காது.

ஆனால் மாக்ஸிம் நடந்ததை இரண்டாம் மனைவியிடம் சொல்லும் அந்தப் படகுக் குடிசைக் காட்சியைக் கவனியுங்கள். ஃபிளாஷ்பேக் கிடையாது. மாக்ஸிம் பேசப் பேச, காமிரா காலி சோபாவிலிருந்து கிளம்பி, அங்கே இல்லாத ரெபேக்கா நடந்த வழியே நகர்கிறது. விபத்துக்கு அவன் வாய்ச்சொல்லே சாட்சி. அடித்திருப்பேன் என்றும் அவனே சொல்கிறான். தணிக்கைக்காரருக்கு விபத்து, சந்தேகக்காரருக்கு ஒரு திறந்த கதவு. (சந்தேகக்காரர் கட்சியில் நானும் உண்டு.)

நெருப்பு விஷயத்தில் நாவல் கஞ்சம். மாளிகையின் வீட்டு நிர்வாகி திருமதி டான்வர்ஸ் சாமான்களோடு போய்விட்டாள் என்று செய்தி வருகிறது. லண்டனிலிருந்து காரில் திரும்பும் மாக்ஸிமும் இரண்டாம் மனைவியும் வானம் சிவந்திருப்பதைப் பார்க்கிறார்கள். கடற்காற்றில் சாம்பல் பறந்துவருகிறது. அவ்வளவுதான், வைத்தது யாரென்று சொல்வதில்லை. படமோ நாயகியான இந்த இரண்டாம் மனைவியை மான்டர்லி மாளிகையிலேயே இருத்தி, டான்வர்ஸைத் தீ வைக்கச் செய்து, எரியும் உத்தரத்தின் அடியில் சாகடிக்கிறது. மாக்ஸிமைத் தண்டிக்க முடியாத கதையில் யாராவது ஒருவர் தண்டனை வாங்கியாக வேண்டுமே!

தயாரிப்பாளர் செல்ஸ்னிக், புகை வானத்தில் ரெபேக்காவின் ஆங்கில முதலெழுத்தான ‘ஆர்’ ஆகச் சுருள வேண்டும் என்று ஆசைப்பட்டார். நல்லவேளை, ஹிட்ச்காக் அதை ரெபேக்காவின் கட்டிலுக்கு இறக்கினார். காமிரா நெருங்க நெருங்க, படுக்கைமேல் இருக்கும் இரவு உடை உறையில் தைத்த ‘ஆர்’ தீப்பிடிக்கிறது. நடுவில் ஒரு காட்சியில் டான்வர்ஸ் நாயகியிடம் எடுத்துக்காட்டுவது இதே உறையைத்தான்; அந்த எழுத்தைத் தைத்ததும் டான்வர்ஸே.