கேரவனை இழுக்க எந்த வண்டி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளும் அடுத்த ஆண்டு மூன்று மாத விடுப்பில் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவரத் திட்டமிட்டிருக்கிறோம். முழுச் சுமையுடன் 2,800 கிலோ வரும் கேரவன் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். "3,500 கிலோ இழுக்கும் வண்டி எதுவானாலும் போதும்" என்கிறார் விற்பனையாளர். டொயோட்டா லேண்ட்குரூசர் 300, இசுசு எம்யூ-எக்ஸ் இரண்டையும் பார்த்தோம். இரண்டிலும் 3,500 என்றே போட்டிருக்கிறது. விலையிலோ பெரிய வித்தியாசம். எதை வாங்கலாம்? – மெல்பர்ன் வாசகி

பதில்: முன்பணம் கட்டுவதற்கு முன்பே நீங்கள் எழுதியிருக்கலாம் என்று தோன்றினாலும், கேரவனின் எடையை முதலில் முடிவுசெய்துவிட்டு வண்டியைத் தேடுகிறீர்களே, அந்த வரிசை சரியானது. பலர் வண்டியை முதலில் வாங்கிவிட்டு, அதன் விளம்பரத்தில் உள்ள 3,500 என்ற எண்ணை நம்பிக் கேரவனைத் தேடுகிறார்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது உங்கள் குடும்பம் ஏறாத, தண்ணீரும் கருவிகளும் ஏற்றாத வண்டிக்கு உரிய எண்ணாகவே பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

நீங்கள் கேட்டு வாங்கவேண்டிய எண்கள் மூன்று. வண்டி தன் சக்கரங்களின் மேல் அதிகபட்சம் தாங்கலாம் என்று தயாரிப்பாளர் விதிக்கும் மொத்த எடை ஜிவிஎம். வண்டியும் கேரவனும் சேர்ந்து எட்டக்கூடிய அதிகபட்ச எடை ஜிசிஎம். வண்டியின் பின்புறத்தில் உள்ள டோபாலை, அதாவது இணைப்புக் குமிழை, கேரவன் அழுத்தும் எடை மூன்றாவது. பொதுவாக அது கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்கவேண்டும். இந்த மூன்றாவது எண்ணை மறப்பவர்களே அதிகம். கேரவனின் எடைதானே என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது வண்டிக்குள் ஏற்றிய சுமையாகவே கணக்கில் சேரும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டியின் ஜிவிஎம் 3,200 கிலோ, டேங்க் நிறைய எரிபொருளுடன் ஆள் ஏறாத எடை 2,450 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றக்கூடியது 750 கிலோ. கேட்க நிறைய போலத்தான் இருக்கிறது. நீங்கள் நால்வர் 230 கிலோ. முன்னால் இரும்பு புல்பார் 60, டோபாலைத் தாங்கும் டோபார் 35, இரண்டாவது பேட்டரி 25, உணவுடன் கூடிய குளிர்பெட்டி 40, கூரைத் தாங்கியும் இரண்டாவது மாற்றுச் சக்கரமும் 70, குடிநீர் 40, மீட்புக் கயிறும் கருவிகளும் 40. இதற்குள் 540 கிலோ ஆகிவிட்டது. இதன்மேல் 2,800 கிலோ கேரவனின் டோபால் சுமை 280 ஏறினால் 820. அனுமதிக்கப்பட்டதைவிட 70 கிலோ அதிகம்; அதுவும் இன்னும் ஒரு துணிப்பைகூட ஏற்றாத நிலையில்.

இதே வண்டியின் ஜிசிஎம் 6,000 கிலோ என்றால், 3,500 கிலோ கேரவனை இழுக்கும்போது வண்டிக்கு மிஞ்சுவது 2,500. ஆள் ஏறாத எடையே 2,450 ஆயிற்றே! ஓட்டுநர் ஒருவர் ஏறி அமர்ந்தாலே எல்லை தாண்டிவிடக்கூடும்.

இப்போது உங்கள் இரண்டு வண்டிகளுக்கு வருவோம். லேண்ட்குரூசர் 300-இன் ஜிசிஎம் 6,750 கிலோ. எம்யூ-எக்ஸ் 2021-இல் புது வடிவில் வந்தபோது அதற்கு 5,900. முன்னதில் 3.3 லிட்டர் இரட்டை டர்போ வி6 டீசல் எஞ்சின் 700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது; பின்னதன் 3 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் 450 தருகிறது. 3,500 என்ற ஒரே எண்ணைச் சுமக்கும் இரண்டும் ஒரே வேலைக்கான வண்டிகள் அல்ல. 2,800 கிலோ கேரவன், நான்கு பேர், மூன்று மாதம் என்றால் என் முடிவு லேண்ட்குரூசர்தான். அதிலும் கூடுதல் ஆடம்பரம் இல்லாத, எடை குறைந்த அடிப்படை வகையையே கேளுங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் வண்டியில் சமரசம் செய்யாமல் கேரவனில் செய்யுங்கள். முழுச் சுமையில் 2,200 கிலோவுக்குள் அடங்கும் கேரவனை எம்யூ-எக்ஸ் நிதானமாக இழுத்துச் செல்லும்; பிள்ளைகளுக்கு அதில் உறக்கம் குறைந்துவிடாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நீங்கள் போக நினைக்கும் இடங்களில் நாட்டின் நடுவே உள்ள உலுரு பாறையும் இருக்குமானால், மெல்பர்னிலிருந்து அதுவரை முழுக்கத் தார்ச்சாலைதான். நல்லார்பார் சமவெளியைக் கடக்கும் ஏர் நெடுஞ்சாலையும் அப்படியே, அதில் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. இவற்றுக்கு நான்கு சக்கர இயக்கமே தேவையில்லை. தேவைப்படுவது எடை தாங்கும் திறனும் நல்ல பிரேக்கும்தான். 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கேரவனில் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், இணைப்பு அறுந்தால் தானே பிரேக் பிடிக்கும் அமைப்பும் இருக்கவேண்டும் என்பது இந்நாட்டு விதி. கேரவனின் மின்பிரேக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியை வண்டியில் பொருத்தும்போது, அதை இயக்கிக் காட்டச் சொல்லி நேரில் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் இரட்டை கேபின் யூட் (பின்னால் சரக்குத்தட்டு உள்ள வண்டி) இருக்கிறது. கேரவனை மாட்டினால் பின்பக்கம் தாழ்ந்து முன்விளக்குகள் வானத்தைப் பார்க்கின்றன. பின் ஸ்பிரிங்கில் காற்றுப்பை வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். வைக்கலாமா? – பிரிஸ்பேன் வாசகர்

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். காற்றுப்பை தாழ்ந்த பின்பக்கத்தை உயர்த்திக் காட்டுமே தவிர, அங்கே இறங்கிய எடையில் ஒரு கிலோவைக்கூடக் குறைக்காது. லீஃப் ஸ்பிரிங் தன் இரு முனைகளிலும் சட்டகத்தின் மேல் பிரித்துவைக்கும் சுமையை, காற்றுப்பை நடுவில் ஒரே புள்ளியில் குவித்துவிடுகிறது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் நிறைந்த சரக்குத்தட்டும் அதற்கும் பின்னால் கேரவனும் தொங்க, வரிவரியான மண்சாலையில் மணிக்கணக்கில் குலுங்கும்போது சட்டகமே வளைந்து, கேபினுக்கும் தட்டுக்கும் இடையிலான இடைவெளி மேலே விரிந்து நிற்கும். இப்படி முதுகு ஒடிந்த யூட்டுகளை ஏற்றிக்கொண்டு திரும்பும் மீட்பு லாரிகளை உள்நாட்டுச் சாலைகளில் நான் பார்த்திருக்கிறேன். பார்க்கவே மனம் வலிக்கும்.

இது நெம்புகோல் கணக்கு. டோபால் பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.85 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், டோபால் மேல் இறங்கும் 280 கிலோ பின் அச்சில் ஏறக்குறைய 398 கிலோவாகிறது. கூடுதலான அந்த 118 கிலோ முன் அச்சிலிருந்து கழிகிறது. உங்கள் விளக்குகள் வானத்தைப் பார்ப்பதன் காரணம் அதுதான். அதைவிடக் கவலைக்குரியது, திருப்பும் வேலையையும் பிரேக் பிடிக்கும் வேலையில் பெரும்பங்கையும் செய்யும் முன்சக்கரங்கள் இலேசாகிவிடுவது.

அதனால் முதலில் எடைமேடைக்குப் போங்கள். பயணத்துக்கு ஏற்றுவதைப் போலவே அனைத்தையும் ஏற்றி, குடும்பத்தையும் உட்காரவைத்து, முன் அச்சு, பின் அச்சு, கேரவன் என்று தனித்தனியாக எடை பாருங்கள். என் வண்டியை முதன்முறை அப்படி நிறுத்தியபோது மொத்த எடை எல்லைக்குள் இருந்தது. எடைச் சீட்டில் பின் அச்சு மட்டும் 90 கிலோ கூடுதல் என்று வந்தது. கருவிப்பெட்டியையும் தண்ணீர் கேன்களையும் கடைசிக் கதவோரத்தில் அடுக்கியிருந்தேன். அவற்றில் பாதியைப் பின் இருக்கையின் காலடிக்கு மாற்றினேன். மீதியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அந்தச் சீட்டு இன்றும் வண்டியின் கையுறைப் பெட்டியில் இருக்கிறது.

எடை பார்த்த பிறகும் பின்பக்கம் தாழ்ந்தால், எடையை முன்னோக்கிப் பகிரும் இணைப்புக் கம்பிகள் உங்கள் வண்டிக்கு அனுமதிக்கப்பட்டவையா என்று கையேட்டில் பாருங்கள். ஸ்பிரிங்கை மாற்றி ஜிவிஎம்மையே சட்டப்படி உயர்த்திக்கொள்ளும் வழியும் உண்டு. புது வண்டியாக இருந்தால் முதல் பதிவுக்கு முன்பே செய்துகொள்வது நல்லது; அது நாடு முழுவதும் செல்லும். பதிவுக்குப் பின் செய்தால் உங்கள் மாநில விதிப்படி பொறியாளர் சான்றிதழ் வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஜிவிஎம் உயர்ந்தால் ஜிசிஎம்மும் தானாக உயர்ந்துவிடாது. எல்லை மீறிய எடையோடு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

கேள்வி: பெட்ரோலா, டீசலா? நிசான் பேட்ரோல் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. – சிட்னி வாசகர்

பதில்: பேட்ரோல் ஒய்62 இழுப்பதற்குப் பிறந்த வண்டி. 5.6 லிட்டர் வி8 எஞ்சின், 7,000 கிலோ ஜிசிஎம், 140 லிட்டர் டேங்க். கிழக்குக் கரையோரம் போய்வருபவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள் என்பேன். ஆனால் அது 95 ஆக்டேன் என்ற உயர்தரப் பெட்ரோல் கேட்கும் எஞ்சின். லாவர்ட்டனிலிருந்து உலுருவை நோக்கிச் செல்லும் கிரேட் சென்ட்ரல் சாலை போன்ற தொலைதூரப் பாதைகளில் டீசல் கிடைக்கும். பெட்ரோல் வேண்டுமென்றால், பெட்ரோல் முகரும் பழக்கத்தைத் தடுப்பதற்காகப் பழங்குடிச் சமூகங்களில் விற்கப்படும் ஓப்பல் என்ற 91 ஆக்டேன் எரிபொருள்தான் பெரும்பாலும் கிடைக்கும். மேலும், கூடுதல் பெட்ரோலைக் கேனில் அடைத்து வண்டிக்குள் வைத்துச் செல்வது ஆபத்து.

தூரக் கணக்கை எப்போதும் கேரவனோடு போடுங்கள். தனியாக ஓடும்போது நூறு கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிக்கும் டீசல் வண்டி, உயரமான கேரவனை எதிர்காற்றில் இழுக்கும்போது 18 லிட்டர் குடிப்பது இயல்பு. 80 லிட்டர் டேங்க் என்றால் 440 கிலோமீட்டர். பத்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக ஒதுக்கினால் 400. பேர்ட்ஸ்வில் டிராக் என்ற மண்பாதையில் மாரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டர். நடுவில் முங்கரானியில் எரிபொருள் நிலையம் இருப்பதால் தப்பிக்கலாம். ஆனால் மழைக்குப் பாதை மூடி, பாதி வழியில் திரும்பவேண்டி வந்தால் என்ன செய்வது என்றும் யோசித்துவிட்டுப் புறப்படுங்கள். டேங்க் பெரிதாக இருப்பது எஞ்சின் பெரிதாக இருப்பதைவிடப் பல நாட்களில் உதவும். லேண்ட்குரூசர் 300-இலும் புதிய பிராடோவிலும் 110 லிட்டர் என்பது அந்த வகையில் பெரிய ஆறுதல்.

கேள்வி: சிம்சன் பாலைவனத்தைக் கேரவனோடு கடக்க முடியுமா? – அடிலெய்ட் வாசகர்

பதில்: வேண்டாம். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல் மேடுகள் வரிசையாக நிற்கின்றன. பேர்ட்ஸ்வில் பக்கத்தில் உள்ள பிக் ரெட் மேடு ஏறக்குறைய 40 மீட்டர் உயரம். மணல் பாதைக்கென்றே செய்த சிறு டிரெய்லரைக்கூடத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கேரவனைப் பேர்ட்ஸ்வில்லிலோ மாரீயிலோ விட்டுவிட்டு, குறைந்தது இரண்டு வண்டிகளாகச் செல்லுங்கள். தெற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கு டெசர்ட் பார்க்ஸ் பாஸ் வாங்கவேண்டும். எதிரே ஏறிவரும் வண்டிக்குத் தெரியும்படி உயரமான கம்பத்தில் கொடி கட்டவேண்டும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கடும் வெப்பத்தால் பூங்கா மூடப்பட்டிருக்கும்.

கேள்வி: எங்களிடம் ஏடபிள்யூடி (எல்லாச் சக்கரங்களும் இயங்கும்) குடும்ப வண்டி இருக்கிறது. கிப் ரிவர் சாலைக்கு அது போதாதா? – பெர்த் வாசகி

பதில்: நல்ல வறண்ட மாதத்தில், கேரவன் இல்லாமல், சிலர் அப்படிப் போய்வருகிறார்கள் என்பது உண்மை. நான் பரிந்துரைக்கமாட்டேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே டெர்பியிலிருந்து கனனரா பக்கம்வரை ஏறக்குறைய 660 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையின் பெரும்பகுதி வரிவரியான சரளை. ஓடைகளும் பென்டகோஸ்ட் ஆறும் குறுக்கிடும். ஏடபிள்யூடி வண்டிகளில் தரையிடைவெளி குறைவு. மெதுவாக இறங்கி ஏற உதவும் லோ ரேஞ்ச் கியர் பெரும்பாலானவற்றில் கிடையாது. பலவற்றில் முழு அளவு மாற்றுச் சக்கரமும் இல்லை.

எந்த வண்டியில் போனாலும் டயர்தான் முதலில் பேசும். தார்ச்சாலையில் 40 பிஎஸ்ஐ வைத்திருந்தால் சரளையில் 28, 30 அளவுக்கு இறக்கி, வேகத்தையும் குறையுங்கள்; மணலில் 18 அல்லது அதற்கும் கீழ். கேரவன் டயர்களுக்கும் இது பொருந்தும். பலர் வண்டியின் டயரை மட்டும் இறக்கிவிட்டுக் கேரவனை மறந்துவிடுகிறார்கள்; அன்று மாலை அலமாரிக் கதவுகள் கழன்று, பாத்திரங்கள் தரையில் கிடக்கும். பக்கச்சுவர் உறுதியான எல்டி (இலகு லாரி) வகை டயரும் இரண்டு மாற்றுச் சக்கரங்களும் கொண்டுசெல்லுங்கள். கைப்பேசிச் சமிக்ஞையை நம்பாமல் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பியும் யூஎச்எஃப் வானொலியும் வைத்திருங்கள். நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநர்கள் பேசுவது 40-ஆம் அலைவரிசையில். பின்னால் வரும் ரோட் டிரெய்ன் (பல டிரெய்லர்களை இழுக்கும் லாரி) உங்களைக் கடக்க விரும்பினால் அதன் ஓட்டுநர் அதில்தான் சொல்வார்.

கேள்வி: 2015-ஆம் ஆண்டு லேண்ட்குரூசர் 200 ஒன்று விற்பனைக்கு வருகிறது. பழைய வண்டியை நம்பலாமா? – டார்வின் வாசகர்

பதில்: 4.5 லிட்டர் வி8 டீசல், 650 நியூட்டன் மீட்டர், மொத்தம் 138 லிட்டர் கொள்ளும் இரண்டு டேங்க்குகள் என்று நீண்ட பயணத்துக்கே அமைந்த வண்டி அது. ஓடிய கிலோமீட்டரைவிட எப்படி ஓடியது என்பதைப் பாருங்கள். அடியில் படுத்து, சட்டகத்தின் வெல்டிங் இடங்களில் புது வண்ணம் பூசிய தடம் இருக்கிறதா, உள்மடிப்புகளில் கடற்கரை மணலும் துருவும் ஒட்டியிருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள். கேரவன் இழுத்த வண்டியென்றால் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேளுங்கள். உயர்த்திய ஸ்பிரிங், பெரிய டயர், கூடுதல் டேங்க் ஏதேனும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் வேண்டும். இவை கிடைக்காவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். கிடைத்தால், முன்பணம் தருமுன் அதையும் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிவிடச் சொல்லுங்கள்.