மார்கழியில் ரயில் ஏன் பக்கத்தில் ஊதுகிறது?

கேள்வி: மார்கழி விடிகாலையில் வாசலில் கோலம் போடும்போது சப்தர்ஜங் ஸ்டேஷன் பக்கமிருந்து வரும் ரயில் ஹாரன் அடுத்த தெருவில் ஊதுவதுபோல் கேட்கிறது. மே மாதத்தில் அது காதில் விழுவதே இல்லை. குளிரில் காற்று அடர்த்தியாகிவிடுவதால் ஒலி வேகமாக வருகிறது என்கிறான் ஒன்பதாவது படிக்கும் என் மகன். டியூஷனிலும் அப்படித்தான் சொன்னார்களாம். சரியா?
— ஒரு வாசகி, ஆர்.கே.புரம், புதுதில்லி

பதில்: நீங்கள் கேட்டது உண்மை. பையன் சொல்லும் காரணம் தப்பு. பரீட்சையில் எழுதுவதற்குள் திருத்திவிடுங்கள்.

குளிரில் ஒலியின் வேகம் குறையும், கூடாது. 0 டிகிரியில் விநாடிக்கு சுமார் 331 மீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். 5 டிகிரி இருக்கும் ஜனவரி விடியலில் 334, 45 டிகிரி கொளுத்தும் மே மதியத்தில் சுமார் 358. இரண்டு கிலோமீட்டர் தூரத்து ஹாரன் ஜனவரியில் 6 விநாடியில் வரும், மே மாதத்தில் 5.6 விநாடியில் வரும். அரை விநாடிகூட வித்தியாசம் இல்லை. நன்றாகக் கேட்பதும் கேட்காததும் இதனால் அல்ல.

இந்தத் தப்பு எங்கே பிறக்கிறது என்று தெரியும். காற்றைவிடத் தண்ணீரில் வேகம், தண்ணீரைவிட இரும்பில் வேகம் என்று படித்தவுடன், அடர்த்தி கூடினால் வேகம் கூடும் என்று பிள்ளைகள் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். இரும்பில் ஒலி விரைவது அதன் விறைப்பால்; அடர்த்தி உண்மையில் வேகத்தை இழுத்துப் பிடிக்கத்தான் செய்கிறது. கரியமில வாயு காற்றைவிட அடர்த்தி, ஆனால் அதில் ஒலியின் வேகம் 0 டிகிரியில் விநாடிக்கு 260 மீட்டருக்குள்தான். வாயுவில் ஒலி மூலக்கூறுக்கு மூலக்கூறு கைமாறிப் போகிறது. சூடானால் மூலக்கூறுகள் வேகமாக ஓடும், கைமாறுவதும் விரைவாக நடக்கும். வீட்டில் யாராவது புல்லாங்குழல் வாசித்தால் கவனியுங்கள்: குளிரில் எடுத்ததும் சுருதி இறங்கி நிற்கும், ஊத ஊத உள்ளே காற்று சூடாகி மேலே வரும்.

சரி, அப்புறம் ஹாரன் ஏன் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது? அதற்கும் வெப்பநிலைதான் காரணம், ஆனால் வேறு வழியில். மேகமில்லாத குளிர்கால இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிட்டுப் போகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே இருக்கும் காற்று அதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பு. ஆகவே ஒலி அலையின் மேல்பகுதி வேகமாகவும் கீழ்ப்பகுதி மெதுவாகவும் போகிறது. குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகையில் ஒரு வரிசை திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வெளி ஓரத்தில் இருப்பவர் எட்டி நடை போட, உள் ஓரத்தில் இருப்பவர் சின்ன அடி வைக்க, வரிசை முழுவதும் மெதுவான பக்கமாக வளையும். ஒலியும் அப்படித்தான் தரைப்பக்கம் வளைகிறது. மேலே போய்த் தொலைந்திருக்க வேண்டிய ஹாரன் சத்தம், வீடுகளையும் மரங்களையும் தாண்டி உங்கள் வாசலில் இறங்குகிறது. அந்த நேரத்தில் தெருவில் வண்டிச் சத்தம் இல்லாததும் உதவுகிறது.

மே மதியத்தில் எல்லாம் மாறிவிடும். கொதிக்கும் தரையை ஒட்டிய காற்றுதான் அதிகச் சூடு. அலை மேல்நோக்கி வளைந்து உங்கள் தலைக்கு மேலே போய்விடும்.

இன்னொன்றையும் பையனிடம் சொல்லுங்கள். ஹாரனைக் கீழே வளைக்கும் அதே வெதுவெதுப்பான அடுக்குதான் தில்லியின் புகையையும் மூடி போட்டதுபோல் கீழேயே நிறுத்தி வைக்கிறது. ரயில் மிகக் கிட்டத்தில் ஊதுவதுபோல் கேட்கிற காலையில், வெயில் ஏறித் தரை சூடாகும் வரை அவனை மைதானத்துக்கு ஓட அனுப்பாதீர்கள்.