வரலாறு படிக்க எந்த வாசல்?

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில், வரலாற்றை வரலாற்றுத் துறை மட்டுமே வைத்துக்கொண்டிருக்கவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு குமரி மாவட்டத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. நாலுக்கு மட்டும் இங்கே பதில்.

பிளஸ் டூ முடித்துவிட்டேன். வரலாறு படிக்கத்தான் ஆசை. ஆனால் கிடைத்திருப்பது பி.ஏ. தமிழ். சேர்ந்துவிட்டால் வரலாற்றை மறந்துவிட வேண்டியதுதானா?
- ஒரு மாணவி, கருங்கல்

மறக்க வேண்டாம் மக்களே. நம்ம மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் இணைந்திருக்கிற பல்கலைக்கழகத்தின் பெயரை ஒரு தடவை வாசித்துப் பார். மனோன்மணியம் சுந்தரனார். தமிழ்த்தாய் வாழ்த்து எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். அவர் சம்பளம் வாங்கியது திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுப்பதற்கு. 1891இல் நாடகம் வெளியிட்டார், அதோடு நிற்காமல் ஊர் ஊராகக் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, திருவிதாங்கூரின் பழைய அரசர்கள் யார், எந்தக் காலம் என்று வரிசைப்படுத்தவும் செய்தார். தத்துவ வாத்தியார் செய்த வரலாற்று வேலை அது.

நம்ம தேரூர் கவிமணியையே எடுத்துக்கொள். குழந்தைப் பாட்டு எழுதியவர் என்று அவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டோம், எனக்கு அதில் நிறைய வருத்தம் உண்டு. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைப் படித்தவர் அவர், சோழர் கல்வெட்டுகளில் வருகிற காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதியவரும் அவர்தான். அவருடைய மருமக்கள்வழி மான்மியம் உனக்குப் பாடத்தில் வந்தாலும் வரும். சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைக்குப் போகிற ஏற்பாட்டில் ஒரு மனைவி படுகிற பாட்டைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிற பாட்டு. அதை எள்ளல் என்ன, ஓசை என்ன என்று வாசித்துப் பரீட்சை எழுதலாம். ஆனால் அந்த முறையை மாற்றி நாஞ்சில்நாட்டு வேளாளருக்கென்று திருவிதாங்கூரில் 1926இல் ஒரு சட்டம் வந்தது, அதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறு கேள்விகள் கிளம்பும். சட்டத்துக்கு முன்னால் மனைவிக்கும் மக்களுக்கும் என்னதான் கிடைத்தது? பாட்டில் எவ்வளவு மிகை, எவ்வளவு நடப்பு? யார் கோபப்பட்டிருப்பார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்துவிட்டாய் என்றால் நீ தமிழ்த்துறை பெஞ்சில் உட்கார்ந்தே வரலாறு படிக்கிறாய்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பாட்டில் இருக்கிறது, ஆகவே நடந்தது என்று எழுதுகிற பழக்கம் தமிழ் படிக்கிறவர்களிடம் கொஞ்சம் உண்டு (நானும் தமிழ் படித்தவன்தான், அதனால் திட்ட உரிமை இருக்கிறது). ஒரு மன்னனைப் புலவன் புகழ்ந்தால், புலவனுக்குச் சோறு போட்டது யார் என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகாதே.

அப்புறம் வட்டெழுத்து, பழைய கல்வெட்டுகளில் தமிழை எழுதிய வளைந்த எழுத்து. கல்வெட்டியல் தாள் கிடைத்தால் விடாதே. உன் ஊரிலிருந்து சிதறால் பக்கம்தான். அந்தத் திருச்சாரணத்து மலையில் சமணச் சிற்பங்களோடு வட்டெழுத்துக் கல்வெட்டும் இருக்கிறது, ஆய் வம்சத்து அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தது, 9ஆம் நூற்றாண்டு. முதல் நாள் ஒரு எழுத்தும் புரியாது. நாலாவது தடவை ஏறும்போது ஒரு சொல்லைத் தானாக வாசிப்பாய் பார், அந்தச் சந்தோஷத்தை எந்த கைடும் தராது.

நாகர்கோவிலில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. இங்கிலாந்து சமூக வரலாறு என்று ஒரு தாள். டியூடர்கள், தொழிற்புரட்சி, மெதடிசம் என்று மனப்பாடம் செய்து உயிர் போகிறது. குமரி மாவட்டத்துக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு?
- ஒரு மாணவர், இரணியல்

நடத்துகிற விதத்தைப் பற்றி நீ சலித்துக்கொண்டால் நானும் கூடச் சேர்ந்து சலித்துக்கொள்கிறேன். ஆனால் எதற்கு என்று கேட்டாயே, அதற்குப் பதில் உன் வகுப்பிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடுகிற மயிலாடியில் இருக்கிறது. அந்தத் தாளில் மெதடிசத்தை ஒட்டி ஒரு சமய எழுச்சி வருமே, அந்த அலையில் 1795இல் தோன்றியதுதான் லண்டன் மிஷனரி சங்கம். அந்தச் சங்கம் அனுப்பிய ரிங்கல்தௌபே 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார், மயிலாடியில் தங்கி வேலை செய்தார். ஆள் ஜெர்மானியர், சங்கம் லண்டனில், ஊர் மயிலாடி. உன் தாளின் மூன்றாம் பாடமும் உன் ஊரும் ஒரே கதை.

இதைத் தொடர்ந்து தோள்சீலைப் போராட்டத்துக்கு வா. 1859 ஜூலை 26இல் திருவிதாங்கூர் அரசர் வெளியிட்ட அறிவிப்பைச் சொல் சொல்லாகப் படி. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்கிறது, ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிவதுபோல் கூடாது என்று ஒரு வாலையும் ஒட்டிவைக்கிறது. உரிமையைக் கொடுக்கிற கையாலேயே பாதியைப் பிடித்துவைத்துக்கொள்கிற அந்த வாக்கியத்தைப் பிரித்து மேய, கவிதையை வரி வரியாகப் பிரித்துப் பழகிய ஆங்கில மாணவன்தான் தோது. மிஷனரிகளின் கடிதங்களும் அப்படித்தான். நன்கொடை தருகிறவர்கள் லண்டனில் உட்கார்ந்து வாசிப்பார்கள் என்று தெரிந்து எழுதியவை, அதனால் எங்கே உருகுகிறார்கள், எங்கே நழுவுகிறார்கள் என்று தொனியைப் பிடிக்கத் தெரிய வேண்டும். அதே காலத்தில் இங்கே எழுந்த அய்யாவழிச் சமயத்தின் புனித நூலான அகிலத்திரட்டைப் பக்கத்தில் வைத்தால், அதே மக்கள், அதே துன்பம், முழுக்க வேறு குரல். இரண்டையும் சேர்த்து வாசிக்க ஆங்கிலத் துறை தடுக்கவில்லை, தமிழ்த் துறையும் தடுக்கவில்லை. நாம்தான் தாள் தாளாக வெட்டி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. நாடார்களைப் பற்றி 1969இல் வெளிவந்து இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற ஆங்கில நூலை எழுதிய ஹார்ட்கிரேவ் வரலாற்றுத் துறைக்காரர் இல்லை, அரசியல் அறிவியல்காரர்.

மகள் பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு எம்.ஏ. வரலாறுதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சேர முடியுமா? வேலை கிடைக்குமா?
- ஒரு தகப்பனார், தோவாளை

சேர முடியும். பல கல்லூரிகளில் எம்.ஏ. வரலாற்றுக்கு வேறு பட்டம் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்து முதலில் பேச வேண்டியது வேறு. அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆவதுதான் கனவு என்றால், இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள், 'கிராஸ் மேஜர்' என்று தள்ளிவிடுவார்கள். இது தெரியாமல் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தந்த ஆண்டு அறிவிப்பை ஒரு வரி விடாமல் வாசித்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதலாம், எம்.ஏ.யில் பொதுப்பிரிவுக்கு 55 சதவீதம் வேண்டும். குரூப் தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும், வரலாறு படித்தவர்களுக்கு அங்கே கொஞ்சம் கை ஓங்கும்.

பொருளாதாரம் படித்தது வீண் என்று மட்டும் யாரும் அவளிடம் சொல்ல வேண்டாம். பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்த பிறகு எந்த ஏலாவில் (வயல்வெளியில்) எத்தனை பூ (போகம்) விளைந்தது, வரி எப்படி மாறியது, யார் நிலம் வாங்கினார்கள், யார் விற்றார்கள் என்று கணக்கைத் தோண்ட, கணக்குக்குப் பயப்படாத வரலாற்று மாணவி வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைவு. விடுங்கள், படிக்கட்டும்.

சமூகவியல் படிக்கிறேன். தாத்தா பெட்டியில் பழைய ஆதாரம் (நிலப் பத்திரம்) ஒன்று கிடைத்தது. 1092 மாசி மாதம் என்று போட்டிருக்கிறது. 900 வருடப் பழசா? இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?
- ஒரு மாணவர், களியக்காவிளை

900 எல்லாம் இல்லை, ஆசையைக் குறைத்துக்கொள்! அது கொல்லம் ஆண்டு, திருவிதாங்கூரில் வழங்கிய ஆண்டுக் கணக்கு. ஆவணியில் பிறக்கும். ஆவணி தொடங்கி டிசம்பர் வரைக்கும் 824ஐக் கூட்டு, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. உன் மாசி 1917இல் வருகிறது.

1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூரோடும் பிறகு திருக்கொச்சியோடும் (திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்) இருந்தவர்கள் இல்லையா, அதனால் நம்ம ஊர் அரசு ஆவணங்களில் பெரும்பங்கைத் தேட எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ரயில் ஏறுவதைவிடத் திருவனந்தபுரத்துக் காப்பகத்துக்கு பஸ் ஏறுவதுதான் சரி. களியக்காவிளைக்காரனுக்கு மலையாளம் காதில் ஏற்கெனவே இருக்கும், எழுத்தையும் கற்றுக்கொண்டால் சென்னை மாணவனுக்கு இல்லாத ஒரு சாவி உன் கையில்.

ஆதாரத்தில் எல்லை சொல்லியிருப்பார்கள், தோடு (ஓடை), விளை (தோட்ட நிலம்), கோணம் என்று. பெயர்கள் பல இப்போது வழக்கில் இருக்காது. உன் பாட்டியையோ பக்கத்து வீட்டுப் பெரியவரையோ உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுது. யாருடைய விளை, எப்போது கைமாறியது, அந்தக் குடும்பம் இப்போது எங்கே. களப்பணி என்று உங்கள் துறையில் சொல்வது இதைத்தான்.

நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவை, பருத்தித் துணியில் சுற்றிவை. பத்திரமாக இருக்கட்டும் என்று யாராவது லேமினேட் போடச் சொன்னால் கொடுத்துவிடாதே, அப்புறம் அந்தத் தாளைப் பிரித்தெடுக்கவே முடியாது.