வீட்டுக் கணினியின் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இணையத்தில் ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தபோது, "உங்கள் கணினியில் வைரஸ் நுழைந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்ற எச்சரிக்கை பெரும் ஒலியுடன் திரை முழுவதையும் மறைத்தது. பதறிப்போன என் தந்தை அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன மென்பொருளையும் நிறுவிவிட்டார். பணம் கேட்டதும் சந்தேகப்பட்டு அழைப்பைத் துண்டித்தோம். இனி அந்தக் கணினியைப் பயன்படுத்தலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் அதன் இணைய இணைப்பைத் துண்டித்து வையுங்கள். உங்கள் தந்தை நிறுவியது, தொலைவில் இருப்பவர் நம் கணினியை இயக்க உதவும் மென்பொருளாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அது இயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் எந்தக் கோப்பைத் திறந்தார்கள், வேறு எதையெல்லாம் உள்ளே வைத்தார்கள் என்பதை நம்மால் உறுதியாக அறிய முடியாது. ஆகவே அந்த ஒரு மென்பொருளை நீக்கிவிட்டு நிம்மதி அடைவது போதாது என்றே கருதுகிறேன். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் தனி ஹார்ட் டிஸ்க்கில் படியெடுத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுங்கள். கடவுச்சொற்களைப் பாதிக்கப்பட்ட கணினியில் மாற்றாமல், கைபேசியிலோ வேறொரு கணினியிலோ மாற்றுங்கள். மின்னஞ்சலை முதலிலும் வங்கிக் கணக்கை அடுத்தும் கவனியுங்கள். அழைப்பின்போது வங்கிப் பக்கம் திறந்திருந்தாலோ, அட்டை எண்ணைச் சொல்லியிருந்தாலோ, வங்கிக்கு இன்றே தெரிவித்துவிட வேண்டும்.

அந்த எச்சரிக்கை வெறும் இணையப் பக்கம்தான் என்பதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருப்பது நல்லது. முழுத்திரையாக விரிந்து, மூடும் பொத்தானை மறைத்து, ஒலியையும் எழுப்புவதால் அது கணினியே பேசுவதுபோல் தோன்றுகிறது. ஆனால் கணினியில் வைரஸ் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் வசதி எந்த இணையப் பக்கத்துக்கும் கிடையாது. எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் முழுத்திரை விலகிவிடும். விலகாவிட்டால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரை நிறுத்திவிடலாம். மீண்டும் திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று பிரவுசர் கேட்டால் மறுத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண்ணைக் கொடுப்பதே இல்லை. எண் இருந்தால் அது மோசடிதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உங்கள் தந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். திட்டு விழும் என்று அஞ்சி அவர் அடுத்த முறை மறைத்துவிட்டால், மோசடிக்காரர்களுக்குக் கூடுதல் நேரம் கிடைத்துவிடும்.

கேள்வி: எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கிறேன். ஆனால் மாதந்தோறும் அதன் இறுதியில் உள்ள எண்ணை மாற்றிவிடுகிறேன். இது போதுமா?

பதில்: போதாது. மாதந்தோறும் மாற்றும் உழைப்பை வேறு இடத்தில் செலுத்துங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை, அது கசிந்துவிட்டதற்கான அறிகுறி இருந்தால் மாற்றினால் போதும் என்று அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறியது. கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போகும் வழக்கத்தைத் திருடர்களும் அறிவார்கள்.

உண்மையான ஆபத்து, ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைப்பதில் இருக்கிறது. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் கசிந்தன. அவற்றை அந்நிறுவனம் மறையாக்கம் செய்யாமல் அப்படியே வைத்திருந்தது. இவ்வாறு ஓரிடத்தில் கசியும் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் எடுத்து, வேறு நூற்றுக்கணக்கான தளங்களில் தானியங்கி நிரல்களைக் கொண்டு முயன்று பார்ப்பதுதான் இன்று கணக்குகளைத் திருடுவோரின் வாடிக்கையான வழி. நீங்கள் எவ்வளவு கடினமான சொல்லைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இந்த முறையின் முன் அது நிற்காது.

மின்னஞ்சலில் தொடங்குங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மீட்டமைக்கும் லிங்க் அங்குதான் வந்து சேர்கிறது. அதைப் பிடித்தவருக்கு மற்றவற்றைப் பிடிப்பது எளிது. அதற்கு நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வைத்து, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் (கைபேசிக்கு வரும் எண் போன்றது) கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். மற்ற கணக்குகளுக்கு, எல்லாக் கடவுச்சொற்களையும் நமக்காகப் பாதுகாப்பாகச் சேமித்து வைக்கும் கடவுச்சொல் மேலாளர் மென்பொருளைப் பயன்படுத்தலாம். அது பழகவில்லையென்றால், குறிப்பேட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைப்பதையும் நான் தவறாகக் கருதமாட்டேன். வெளிநாட்டில் அமர்ந்திருக்கும் திருடனால் உங்கள் அலமாரியைத் திறக்க முடியாது.

கேள்வி: பணம் கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவது கட்டாயமா?

பதில்: பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. விண்டோஸ் 8 முதல் அதனுடனேயே வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ், அப்டேட்டுகள் தவறாமல் கிடைக்கும் வரை போதுமானது. ஆனால் அப்டேட் இல்லாத கணினியை எந்த ஆன்டிவைரஸும் முழுமையாகக் காப்பாற்றாது. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது. அது பயன்படுத்திக்கொண்ட ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. "பிறகு நினைவூட்டு" என்ற பொத்தானை அழுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: குடும்பப் படங்கள் அனைத்தையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, அதை எப்போதும் கணினியுடன் இணைத்தே வைத்திருக்கிறேன். பாதுகாப்பானதுதானே?

பதில்: பேக்கப் எடுப்பது மிக நல்ல வழக்கம், ஆனால் இணைத்தே வைத்திருப்பதுதான் குறை. கோப்புகளைப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறக்கப் பிணைத்தொகை கேட்கும் நச்சுநிரல்கள் கணினியில் உள்ள கோப்புகளோடு நிற்பதில்லை. அந்த நேரத்தில் எட்டும் ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் பூட்டிவிடும். படியெடுத்து முடித்ததும் அதைக் கழற்றி வையுங்கள். அவ்வப்போது அதிலிருந்து சில படங்களைத் திறந்தும் பாருங்கள். பழுதான வட்டில் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்து, படங்கள் திறக்காமல் போவதுண்டு. ஒருவேளை கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டால், பணம் அனுப்ப அவசரப்படாதீர்கள். பணம் கொடுத்தாலும் திறவுகோல் வரும் என்ற உறுதி இல்லை. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய "நோ மோர் ரான்சம்" தளத்தில், இத்தகைய நச்சுநிரல்களில் பலவற்றுக்கு இலவசத் திறப்பு மென்பொருள்கள் கிடைக்கின்றன. பூட்டப்பட்ட கோப்புகளை அழித்துவிடாமல் வைத்திருந்தால், இன்று தீர்வு இல்லாத வகைக்கும் பின்னொரு நாளில் அங்கே தீர்வு வரக்கூடும்.