எட்டில் இரண்டு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸ் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். அந்தக் குழு எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் வாசித்ததை ஆறு மாதம் டிரம்ஸ் கற்ற நானே வாசித்துவிடுகிறேன். ஜான் பான்ஹாம், நீல் பியர்ட் போன்ற பெரிய ராக் டிரம்மர்களின் வரிசையில் அவரை எங்கே வைப்பது? அவருடைய ஆதர்சங்கள் எல்லாம் ஜாஸ் கலைஞர்கள் என்கிறார்கள். யாரிடமிருந்து கேட்கத் தொடங்கலாம்?

க.

அன்புள்ள க.,

வரிசை போடுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். ‘நானே வாசித்துவிடுகிறேன்’ என்ற வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

இல்லை, நீங்கள் வாசிக்கவில்லை. அவர் மேடையில் வாசிக்கும் காணொளி ஒன்றை ஓடவிட்டு, ஒலியை அணைத்துவிட்டு, வலக்கையை மட்டும் பாருங்கள். ராக் தாளத்தில் நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றுக்கு எட்டு முறை வலக்கை ஹை-ஹாட்டை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் சிம்பல் தட்டுகளை, தட்டும். இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் இடக்கை ஸ்னேர் என்ற சிறிய டிரம்மில் விழும். வாட்ஸுக்கோ இடக்கை விழும் அந்தக் கணத்தில் வலக்கை தட்டாமல் மேலே எழுந்துவிடும். எட்டு ஆறாகிவிடும். சிம்பலின் சலசலப்பு கலக்காமல் ஸ்னேர் தனியாக, உலர்ந்து, ‘டப்’ என்று விழும். நீங்கள் எட்டையும் தட்டுகிறீர்கள். தட்டாமல் விட்ட அந்த இரண்டுதான் வாட்ஸ்.

எனக்கு இது புரிந்த விதம் அவமானகரமானது. இளமையில் நண்பர்களோடு ஒரு குழுவில் டிரம்ஸ் வாசித்தேன். எங்கே இடைவெளி தெரிந்தாலும் அதில் நான்கு அடிகளைத் திணிப்பேன். ஒருநாள் பாட்டின் நடுவே பேஸ் கிடார் நின்றுவிட்டது. நண்பன் தந்திகளின்மேல் உள்ளங்கையை வைத்தபடி, ‘நீ முடித்துவிட்டுச் சொல்’ என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. அதன்பின் சில மாதங்களில் நான் டிரம்ஸை விட்டேன். அவன் இன்னும் வாசிக்கிறான்.

அந்த இரண்டு அடிகளைத் தட்டாமல் விட்டுவிட வாட்ஸால் முடிந்தது அவர் முதலில் ரசிகர் என்பதால்தான் என்று நினைக்கிறேன். ஜெர்ரி மல்லிகனின் ஜாஸ் குழுவில் டிரம்மர் சிக்கோ ஹாமில்டன் குச்சிக்குப் பதில் கம்பி இழைகளாலான பிரஷ்ஷால் வாசித்ததைக் கேட்டுச் சொக்கிப்போன லண்டன் சிறுவன் அவர். கையில் ஸ்னேர் இல்லை. இருந்தது பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம். அதன் கழுத்தைக் கழற்றினார், தோல் போர்த்திய வட்டத்தை ஒரு தாங்கியில் வைத்தார், பிரஷ்ஷால் வருடத் தொடங்கினார். அடிப்பதற்கு முன் வருடக் கற்ற கை அது. பிறகு ஓவியக் கல்லூரி, விளம்பர நிறுவனத்தில் வேலை. ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரைப் பறவையாக வரைந்து ஒரு குட்டிப் படப் புத்தகமே செய்தார். 1963 ஜனவரியில் ஸ்டோன்ஸில் சேர்ந்தவர், 2021 ஆகஸ்ட் 24 அன்று 80 வயதில் இறக்கும்வரை அந்தக் குழுவின் டிரம்மர்.

ஸ்டோன்ஸ் ஆல்பங்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள், அதை விடுங்கள். 2000இல் ஜிம் கெல்ட்னர் என்ற டிரம்மரோடு அவர் ஓர் ஆல்பம் செய்தார். அதன் பகுதிகளுக்கு அவர் வைத்த பெயர்களைப் பாருங்கள்: ஷெல்லி மேன், ஆர்ட் பிளேக்கி, கென்னி கிளார்க், மேக்ஸ் ரோச், ராய் ஹேன்ஸ், டோனி வில்லியம்ஸ். எல்லாம் ஜாஸ் டிரம்மர்கள். உலகத்தின் விளையாட்டரங்குகளை நிரப்பிய மனிதர், அறுபதை நெருங்கும் வயதில், பள்ளிப் பையன் நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதுவதைப் போல இந்தப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலை முதலில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆறு மாதத்தில் நாம் ‘நானே’ என்கிறோம்.

யாரிடமிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். மல்லிகன் குழு 1952இல் பதிவுசெய்த ‘வாக்கிங் ஷூஸ்’. அதில் ஹாமில்டனின் பிரஷ். சில நிமிடங்கள்தான். குச்சிகளைப் பையில் போட்டு மூடிவிட்டுக் கேளுங்கள்.