மூன்று வருஷத்தில் போய்விடும் பிள்ளைகள்

கேள்வி: இறையியல் முடித்திருக்கிறேன். ஒரு கல்லூரியில் போதகராக இருந்துகொண்டு சமயப் பாடமும் நடத்தக் கூப்பிடுகிறார்கள். அப்பாவோ, “சபை இல்லாத போதகர் என்ன போதகர்? மூன்று வருஷத்தில் பிள்ளைகள் போய்விடுவார்கள், உன்னை யார் நினைப்பார்கள்?” என்கிறார். இதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது. சபையில் நீங்கள் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைக்கு நீங்களே திருமணமும் நடத்திவைக்கலாம். கல்லூரியில் அந்தப் பாக்கியம் இல்லை. ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன்.

அமெரிக்கக் கறுப்பினப் போதகர் ஹோவர்ட் தர்மனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடிமையாக இருந்த பாட்டியிடம் வளர்ந்தவர். பாட்டிக்கு எழுத்து தெரியாது, பேரன்தான் வேதாகமம் வாசித்துக் காட்டுவான். அதில் அப்போஸ்தலர் பவுல் எழுதிய நிருபங்களை (கடிதங்களை) மட்டும் பாட்டி வாசிக்க விடமாட்டார். அன்பைப் பற்றிய அந்த ஓர் அதிகாரத்துக்கு எப்போதாவது அனுமதி உண்டு. காரணம், ‘அடிமைகளே, எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள்’ என்று பவுலை வைத்துத்தான் முதலாளியின் போதகர் அவர்களுக்குப் பிரசங்கம் செய்திருந்தார்.

இந்தப் பேரன் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1935-ல் ஒரு நல்லெண்ணக் குழுவோடு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். கொழும்பு சட்டக் கல்லூரியில் பேசி முடித்ததும், அதன் முதல்வர் காபிக்கு அழைத்தார். இருவரும் பேசாமல் குடித்தார்கள். கோப்பைகளை எடுத்துக்கொண்டு போன பிறகு அவர் கேட்டார்: உங்கள் முன்னோரைப் பிடித்துவந்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், அந்த மதத்துக்காக நீங்கள் ஏன் இங்கே வந்து நிற்கிறீர்கள்?

அந்தக் கேள்வி அவரை விடவில்லை. ‘இயேசுவும் உரிமை இழந்தோரும்’ என்ற நூலை 1949-ல் வெளியிட்டபோது, இந்த உரையாடலைச் சொல்லித்தான் தொடங்கினார். இடையில் 14 வருஷம்! கல்லூரிப் போதகர் வேலை என்றால் இதுதான், தம்பி. இருபது வயதுப் பிள்ளை வகுப்பில் எழுந்து கேட்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது. அதைச் சுமந்துகொண்டே மறுநாளும் வகுப்புக்குப் போக வேண்டும்.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். 1944-ல் தர்மன் கல்லூரியை விட்டு, சான் பிரான்சிஸ்கோவில் எல்லா இனத்தாரும் கூடும் ஒரு சபையை நடத்தப் போனார். அது நன்றாகவே நடந்தது. அப்புறமும் 1953-ல் மாணவர்களிடம்தான் திரும்பினார், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் ஆலயத்துக்கு டீனாக, அதாவது பொறுப்புப் போதகராக. அப்போது அங்கே ஆய்வு மாணவராக இருந்தவர் மார்ட்டின் லூதர் கிங். 1958-ல் நியூயார்க்கில் கிங் கத்திக்குத்துப்பட்டுக் கிடந்தபோது தர்மன் போய்ப் பார்த்தார். மருத்துவர் சொன்ன ஓய்வோடு இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தார். பிள்ளைகள் கல்லூரியை விட்டுப் போகலாம். உங்களை விட்டுப் போக வேண்டும் என்று இல்லை.

சரி, சேருமுன் நிர்வாகத்திடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்று கேளுங்கள். நேரம் முழுவதும் பாடத்துக்கே போய்விட்டால், ஒரு பிள்ளை அழுதுகொண்டு வரும்போது நீங்கள் அறையில் இருக்கமாட்டீர்கள். கதவு எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்குமா என்றும் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், வேறு கல்லூரி பாருங்கள்.