மான் வேட்டைக்கு எந்தக் குண்டு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்திருக்கும் கேள்விகள் பெரும்பாலும் "எந்தத் தோட்டா நல்லது?" என்றே தொடங்குகின்றன, ஆனால் படித்துப் பார்த்தால் அவை கேட்பது குண்டைப் பற்றியதாக இருக்கிறது. பித்தளைக் கூடு, வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. குழலை விட்டு வெளியேறி மானின் உடலில் வேலை செய்வது குண்டு மட்டுமே என்பதால், இந்த இரண்டு சொற்களையும் பிரித்தே எழுதியிருக்கிறேன். சட்டம் அனுமதிக்கும் நாட்டில், உரிமத்துடன், உரிய பருவத்தில் நடக்கும் வேட்டையை மட்டுமே இப்பதில்கள் கருத்தில் கொள்கின்றன.

கேள்வி: என்னிடம் .308 வின்செஸ்டர் ரைஃபிள் இருக்கிறது. 150, 165, 180 கிரெயின் என மூன்று எடைகளில் குண்டுகள் கிடைக்கின்றன. மானுக்கு எது ஏற்றது?

பதில்: ஒரு பவுண்டு 7000 கிரெயினுக்குச் சமம், ஆகவே 150 கிரெயின் குண்டின் எடை ஏறத்தாழ 9.7 கிராம், 180 கிரெயின் குண்டின் எடை ஏறத்தாழ 11.7 கிராம். ஐம்பது முதல் நூறு கிலோ வரை எடையுள்ள மானுக்கு 150, 165 ஆகிய இரண்டுமே தாராளமாகப் போதும். கடமான், செம்மான் போன்ற கனத்த இனங்களின் முதிர்ந்த ஆண்களைச் சுடப் போகிறீர்கள் என்றால் 165-ஐயோ 180-ஐயோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டியில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் எடையைவிட, சிறிய எழுத்தில் இருக்கும் குண்டின் வகைப் பெயரே அதிகம் சொல்லும். ஏன் என்பதை அடுத்த கேள்வியே காட்டுகிறது.

கேள்வி: நானும் என் நண்பரும் 150 கிரெயின் எடையுள்ள சாதாரண ஈயமுனைக் குண்டையே பயன்படுத்துகிறோம். என்னுடையது .308, அவருடையது .300 வின்செஸ்டர் மேக்னம். சென்ற பருவத்தில் நாற்பது மீட்டர் தொலைவில் அவர் சுட்ட மானின் முன்தோள் முழுவதும் இரத்தம் கட்டி, இறைச்சி வீணாகிவிட்டது; குண்டும் மறுபுறம் வெளியேறவில்லை. வலிமை மிகுந்த துப்பாக்கி ஏன் குறைவாக ஊடுருவியது?

பதில்: இந்தத் துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். .30-30, .308, .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய மூன்றும் 0.308 அங்குல விட்டமுள்ள குண்டையே சுடுகின்றன. அவற்றில் 150 கிரெயின் குண்டு குழல்வாயை விட்டு வெளியேறும் வேகம் முறையே வினாடிக்கு ஏறத்தாழ 725, 860, 1000 மீட்டர். எடையும் விட்டமும் ஒன்றே. வேகம் மட்டுமே வேறு. அந்த ஒரு வேறுபாடு குண்டின் நடத்தையை முற்றிலும் மாற்றிவிடுகிறது.

மெல்லிய செம்புக் கலவை உறைக்குள் ஈயத்தை இட்டு, முனையில் ஈயம் வெளியே தெரியும்படி செய்யப்படுவதே சாதாரண ஈயமுனைக் குண்டு. உடலில் புகும்போது அதன் முனை காளானைப் போல விரிந்து, அகன்ற காயப்பாதையை உண்டாக்குகிறது. வினாடிக்கு சுமார் 550 மீட்டருக்குக் கீழே வேகம் குறைந்தால் அது சரியாக விரியாமல், ஊசி குத்தியதுபோல் மறுபுறம் போய்விடலாம். மறுமுனையில், 900 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தோடு தோள் எலும்பில் மோதினால் உறையும் ஈயமும் பிரிந்து துண்டு துண்டாகச் சிதறும். சிதறிய துண்டுகளில் எதற்கும் தனியே ஆழம் போகும் எடை இருப்பதில்லை. உங்கள் நண்பருக்கு நேர்ந்தது இதுவே: நாற்பது மீட்டரில் அவருடைய குண்டு தன் முழு வேகத்தையும் ஏறத்தாழ அப்படியே வைத்திருந்தது. அதே குண்டு முந்நூறு மீட்டர் தொலைவில் அழகாக விரிந்து, மறுபுறம் வெளியேறியும் இருக்கும்.

ஆகவே குண்டைத் தேர்ந்தெடுக்கும்போது, மானைத் தொடும் கணத்தில் அதன் வேகம் என்னவாக இருக்கும் என்பதையே முதலில் கணக்கிட வேண்டும். உங்கள் காட்டில் நீங்கள் சுடும் மிகக் குறைந்த தொலைவையும் மிக அதிகத் தொலைவையும் எழுதிக்கொண்டு, தோட்டாப் பெட்டியின் அட்டவணையில் அந்தத் தொலைவுகளுக்கு உரிய வேகத்தைப் பாருங்கள். இரண்டு வேகங்களும் அந்தக் குண்டு தாங்கும் எல்லைக்குள் இருந்தால் அது உங்களுக்கு உரியது. உங்கள் நண்பர் 180 கிரெயின் குண்டுக்கு மாறினால் தொடக்க வேகம் 900 மீட்டர் அளவுக்கு இறங்கும். எடையை மாற்ற விருப்பமில்லை என்றால் உறுதியான கட்டமைப்புள்ள குண்டுக்கு மாறலாம். தோள் எலும்பை விட்டு, அதற்குச் சற்றுப் பின்னால் விலா வழியாக நுரையீரலைக் குறிவைப்பதும் இறைச்சியைக் காக்கும்.

கேள்வி: 'உறுதியான கட்டமைப்பு' என்று பெட்டிகளில் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். பிணைக்கப்பட்டது, தடுப்புச் சுவர் உள்ளது, முழுச் செம்பு, பாலிமர் முனை என இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

பதில்: முதல் மூன்றும் ஒரே சிக்கலுக்குக் கண்ட மூன்று தீர்வுகள், நான்காவது வேறு விஷயம். அமெரிக்கரான ஜான் நோஸ்லர், 1940-களில் கனடாவில் மூஸ் என்னும் மாபெரும் மானைச் சுட்டபோது அவருடைய அதிவேகக் குண்டுகள் மேலோட்டமாகவே சிதறிப்போயின. அந்த அனுபவத்திலிருந்து, குண்டின் நடுவே உறையையே குறுக்குச் சுவராக விட்டு, முன்னும் பின்னும் தனித்தனியே ஈயம் நிரப்பிய 'பார்ட்டிஷன்' குண்டை அவர் உருவாக்கி, 1948-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முன்பாதி விரிந்தும் சிதறியும் போகலாம். சுவருக்குப் பின்னால் உள்ள பாதி குலையாமல் ஆழத்திற்குப் போகும். பிணைப்புக் குண்டில் சுவர் இல்லை. ஈயமும் உறையும் பிரியாதபடி ஒன்றோடொன்று உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். முழுச் செம்புக் குண்டில் ஈயமே கிடையாது. முனையில் உள்ள குழி பிளந்து இதழ்களாக மடியும், எடை ஏறத்தாழ முழுவதுமாக மிஞ்சும்.

பிளாஸ்டிக்காலான பாலிமர் முனை காற்றைக் கிழித்துச் செல்லவும் விரிவைத் தொடங்கி வைக்கவும் உதவுகிறது, அவ்வளவே. அதன் பின்னால் உள்ள உடல் மெல்லியதா தடித்ததா என்பதை முனை சொல்லாது. நரி போன்ற சிறு விலங்குகளுக்கான, தொட்டவுடன் நொறுங்கும் குண்டிலும் அதே முனை இருக்கும். பெரிய மானுக்கான பிணைப்புக் குண்டிலும் அதே முனை இருக்கும். முனையின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மிதமான வேகமுள்ள .308, .30-06, 6.5 கிரீட்மோர் போன்றவற்றைக் கொண்டு நடுத்தர மானைச் சுடுவதற்கு, சாதாரண ஈயமுனைக் குண்டே போதும் என்பது என் கருத்து. விலை உயர்ந்த குண்டு அங்கே அதிகமாக எதையும் செய்துவிடப் போவதில்லை.

கேள்வி: நானும் என் மகளும் .243 வின்செஸ்டர் பயன்படுத்துகிறோம். ஈயமற்ற குண்டுக்கு மாற விரும்புகிறேன். இப்போது சுடுவது 100 கிரெயின் ஈயக்குண்டு. அதே எடையில் செம்பு வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், 80 அல்லது 85 கிரெயினுக்கு இறங்குங்கள். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பின் அடர்த்தி 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒரே விட்டத்தில் ஒரே எடையை எட்டச் செம்புக் குண்டு நீளமாக இருக்க வேண்டும். குண்டு நீள நீள, அதை நிலையாகப் பறக்கச் செய்யக் குழலின் சுழல்வரிகள் (உட்சுவரில் திருகுபோல் வெட்டப்பட்ட வரிகள்) வேகமாகத் திருப்ப வேண்டும். .243 குழல்கள் வழக்கமாகப் பத்து அங்குலத்திற்கு ஒரு சுற்று திருப்புகின்றன. 100 கிரெயின் எடையுள்ள நீண்ட செம்புக் குண்டுக்கு அது போதாமல், குண்டு தள்ளாடி இலக்கில் பக்கவாட்டாகப் பதியக்கூடும்.

சுழல்வரியின் வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உங்கள் தோட்டாவின் வரலாறே சாட்சி. 1955-இல் வின்செஸ்டர் .243-ஐ வெளியிட்ட அதே ஆண்டில் ரெமிங்டன் .244-ஐ வெளியிட்டது. கூட்டின் கொள்ளளவில் பின்னது சற்று முன்னேயே இருந்தது. ஆனால் ரெமிங்டன் பன்னிரண்டு அங்குலத்திற்கு ஒரு சுற்று என்ற மெதுவான குழலைத் தேர்ந்தெடுத்திருந்ததால், மானுக்கு 100 கிரெயின் குண்டு வேண்டும் என்று நினைத்தவர்கள் வின்செஸ்டர் பக்கம் போனார்கள். 1963-இல் சுழல்வரியை மாற்றி, பெயரையும் 6 மி.மீ. ரெமிங்டன் என்று மாற்றி மீண்டும் வெளியிட்டும் இழந்த இடத்தை அதனால் பிடிக்க முடியவில்லை.

எடை குறைகிறதே என்று அஞ்ச வேண்டாம். சிதறாத குண்டு என்பதால் 80 கிரெயின் செம்பு, தன்னைவிடக் கனமான ஈயக்குண்டு அளவுக்கு ஆழம் போகும். ஆனால் செம்பு விரிவதற்குச் சற்று அதிக வேகம் வேண்டும். வினாடிக்கு 600 மீட்டருக்குக் கீழே போகும் தொலைவில் சுடாதிருப்பது நல்லது. உங்கள் முடிவின் நோக்கமும் சரியானதே. ஈயமுனைக் குண்டு பாய்ந்த மானை எக்ஸ்-கதிரில் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் காயப்பாதையிலிருந்து வெகுதூரம் பரவியிருப்பது தெரியும். காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளும் அதனால் இறக்கின்றன. காண்டோர் கழுகு வாழும் கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமற்ற குண்டுகளே கட்டாயம்.

கேள்வி: இராணுவப் பயன்பாட்டுக்கான முழு உறைக் குண்டு மிகவும் மலிவாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டு மானைச் சுடலாமா?

பதில்: கூடாது. உடலில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதை 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடை செய்தது. இராணுவக் குண்டு முழு உறையோடு இருப்பது அதனால்தான். வேட்டையில் அறம் நேர் எதிரானது: விலங்கு நொடிகளில் இறக்க வேண்டும், காயத்தோடு ஓடி நாள்கணக்கில் வதைபடக் கூடாது. விரியாத குண்டு சிறு துளையிட்டுப் போய்விடும். இரத்தத் தடமும் கிடைக்காது. ஆகவே பல நாடுகளின் சட்டம் மானுக்கு விரியும் குண்டையே கேட்கிறது. இலக்குப் போட்டிக்கான குழிமுனைக் குண்டையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதன் முனைக் குழி தயாரிப்பு முறையால் வந்தது, விரிவதற்காகச் செய்யப்பட்டதன்று.

கேள்வி: மானைக் கொல்ல ஆயிரம் அடி-பவுண்டு ஆற்றல் தேவை என்கிறார்கள். இது உண்மையா?

பதில்: இது நடைமுறைக் கணக்கு மட்டுமே, இயற்பியல் விதியன்று. மான் இறப்பது நுரையீரலும் இதயமும் கிழிந்து மூளைக்குச் செல்லும் இரத்தம் நிற்பதால். குண்டு சுமந்த ஆற்றலின் எண்ணால் அன்று. ஈராயிரம் அடி-பவுண்டோடு வயிற்றில் பட்ட குண்டைவிட, எண்ணூறு அடி-பவுண்டோடு இரண்டு நுரையீரல்களையும் துளைத்த குண்டே விரைவாகக் கொல்லும். இருந்தும் சட்டம் ஓர் எண்ணை வைத்திருந்தால் அதற்குப் பணிந்தாக வேண்டும். இங்கிலாந்தின் 1991 மான் சட்டம், மிகச் சிறிய இனங்கள் நீங்கலாக, குழல்வாயில் 1700 அடி-பவுண்டும் .240 அங்குல விட்டமும் குறைந்தபட்சம் என்கிறது. அங்கே .223 எவ்வளவு துல்லியமாகச் சுட்டாலும் பெரிய மானுக்கு அனுமதியில்லை.

கேள்வி: புதர்க்காட்டில் கிளைகளைத் துளைத்துச் செல்லக் கனமான மழுங்குமுனைக் குண்டு உதவுமா?

பதில்: உதவாது. விரல் தடிமனுள்ள குச்சி எந்தக் குண்டையும் திசை திருப்பக்கூடும். இடைவெளி கிடைக்கும்வரை காத்திருங்கள்.

கேள்வி: என் .30-30 லீவர் ரைஃபிளில் கூர்முனைக் குண்டுகளை இடக்கூடாது என்று ஏன் எச்சரிக்கிறார்கள்?

பதில்: அதன் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ள குண்டின் முனை, முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரை அழுத்தியபடி இருப்பதால், கடினமான கூர்முனையாக இருந்தால் சுடும் அதிர்ச்சியில் அது ஊசியாகச் செயல்பட்டுக் குழாய்க்குள்ளேயே வெடிக்க நேரலாம். தட்டைமுனையையோ, குழாய் அறைக்கென்றே செய்யப்பட்ட, அழுத்தினால் மடங்கும் மென்முனையையோ மட்டும் இடுங்கள்.

கேள்வி: குண்டின் வகையை மாற்றினால் தொலைநோக்கியை மீண்டும் சரிசெய்ய வேண்டுமா? எடை மாறவில்லையே?

பதில்: கட்டாயம் வேண்டும். எடை ஒன்றாக இருந்தாலும் நீளம், வடிவம், வெடிமருந்து, குழல் அதிரும் விதம் எல்லாம் மாறுகின்றன. நூறு மீட்டரில் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் விலகல் சாதாரணம். ஈயக்குண்டிலிருந்து செம்புக்கு மாறும்போது குழலில் படிந்த பழைய படிவத்தை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, சில குண்டுகளைச் சுட்டுக் குழலைப் பழக்கிய பிறகே குறியைத் திருத்துங்கள். இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்கி, எது நெருக்கமாகப் பதிகிறது என்று பார்த்த பின், அதையே ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணில் இரண்டு பருவங்களுக்குப் போதுமான அளவு வாங்கி வைத்துக்கொள்ளலாம். கடைசிச் சோதனையை, வேட்டைக்குப் போகும் காலையில் இருப்பதுபோலக் குளிர்ந்த குழலிலிருந்து முதல் குண்டைச் சுட்டுப் பாருங்கள்; மானுக்குப் போகப்போவது அந்த முதல் குண்டுதான்.